நூறு பாதாமும் ஒரு தறிக்குழியும்

கடந்த பதினைந்து வருடங்களில் தமிழர்கள் அதிகம் வாசித்த உரைநடை எது? கேட்டால் உடனே இரண்டு மூன்று நாவல்களின் பெயரைச் சொல்லிவிடுவோம். எனக்கு என்னவோ, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது, எடையை எப்படிக் குறைக்கலாம் என்று சொல்லும் எழுத்துதான் அந்த இடத்தில் இருக்கும் என்று தோன்றுகிறது. கதை கவிதை பக்கமே வராதவர்கள்கூட அதைப் படிக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், சண்டை போடுகிறார்கள். நாவல் படித்துவிட்டு மறுநாள் காலை இட்லி ஊற்றுவதை நிறுத்திய வீட்டை நான் பார்த்ததில்லை. டயட் புத்தகம் படித்து நிறுத்திய வீடுகள் உண்டு.

இவ்வளவு செல்வாக்குள்ள எழுத்தை நம் இலக்கிய விமர்சனம் தொடுவதே இல்லை. அது மருத்துவம், நமக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் புத்தகங்களுக்குள் கதை இருக்கிறது. நாயகன், வில்லன், இழந்துபோன ஒரு பொற்காலம், கடைசியில் மீட்சி என்று எல்லாமே இருக்கிறது. ஆகவே அவற்றைக் கதையாகவும் வாசிக்கலாம். யாருடைய உடலை மனதில் வைத்து இது எழுதப்பட்டது, யாருடைய உடல் இதில் இடம்பெறவே இல்லை என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையில் நான் கேட்கப் போவது அதைத்தான்.

நான் வாசிக்கிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூர் பக்கம் இருக்கும் ஐயம்பேட்டை வேறு. இது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கிற ஐயம்பேட்டை. காஞ்சிப் பட்டு என்று கடைகளில் விற்கிற புடவைகளில் ஒரு பங்கு இந்தத் தெருக்களில் நெய்யப்படுவது. எங்கள் வீட்டிலும் தறி உண்டு. உணவா, உடற்பயிற்சியா, எடையைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வியைத் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அது வேறு கேள்வியாக மாறிவிடுகிறது.

*

முதலில் இந்த வகை எழுத்தின் மூதாதையைப் பார்த்துவிடலாம். 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் உடல் பருமன் பற்றி ஒரு சிறு பிரசுரத்தைத் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அவர் மருத்துவர் இல்லை. பெரிய மனிதர்களின் சவ அடக்கத்தை நடத்திக் கொடுப்பது அவர் குடும்பத் தொழில். அறுபது வயதைத் தாண்டியவர், எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. குனிந்து ஷூ மாட்ட முடியவில்லை. வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரின் யோசனைப்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் குறைத்து, ஒரு வருடத்தில் 46 பவுண்டு இறங்கினார். பிரசுரம் பரபரப்பாக விற்றது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றைக்கும் டயட் இருப்பதற்கான வினைச்சொல் அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

அந்தப் பிரசுரத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஹார்வியிடம் போவதற்கு முன்பே பான்டிங் உடற்பயிற்சி செய்து பார்த்திருக்கிறார். தினமும் காலையில் படகு வலித்தார். தசை வலுவானது. கூடவே பயங்கரமாகப் பசிக்க ஆரம்பித்தது. பசிக்குச் சாப்பிட்டார், எடை ஏறியது, படகை விட்டுவிட்டார். உணவா உடற்பயிற்சியா என்ற வாக்குவாதம் முழுவதும் அந்தச் சில வரிகளுக்குள்ளேயே இருக்கிறது.

நான் குண்டாக இருந்தேன், எல்லாம் செய்து பார்த்தேன், யாரும் உதவவில்லை, ஒருவர் வழி காட்டினார், இதோ பாருங்கள். பான்டிங் போட்டுக்கொடுத்த இந்த வடிவம் இன்றுவரை மாறவில்லை. பிரசுரத்துக்குப் பதில் இரண்டு போட்டோக்களை அருகருகே வைக்கிறோம், அவ்வளவுதான்.

*

தமிழுக்கு இந்த வடிவம் முழு வேகத்தோடு வந்தது பேலியோவோடு. நியாண்டர் செல்வன் எழுதி கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட 'பேலியோ டயட்' நூலும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற பேஸ்புக் குழுவும் சேர்ந்து செய்த காரியத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. தானியம் வேண்டாம், சர்க்கரை வேண்டாம், கொழுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று அரிசிச் சோற்று நாட்டில் ஒருவர் தமிழில் எழுதி, பல்லாயிரம் பேரை நம்ப வைத்தார். குழுவில் ரத்தப் பரிசோதனை முடிவைப் போட்டால் தன்னார்வலர்கள் காசு வாங்காமல் சார்ட் கொடுத்தார்கள். டிரைகிளிசரைடு, எச்பிஏ1சி போன்ற சொற்கள் தமிழ்ப் பேச்சுக்குள் வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் எழுதிய சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன ஒரு தலைமுறைக்குப் பிறகு, தன் ரிப்போர்ட்டைத் தானே படிக்கத் தெரிந்த ஒரு வாசகக் கூட்டம் உருவானது. இது பண்பாட்டு நிகழ்வு. நம் இலக்கிய உலகம் இதைக் கிண்டலடித்துக் கடந்துபோனது நமக்குத்தான் நஷ்டம்.

அந்த இயக்கத்தின் மையமான கருத்திலும் உண்மை இருக்கிறது. ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2025இல் வெளியிட்ட முடிவின்படி இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசி, அரைத்த கோதுமை, சர்க்கரை. அதைக் குறைத்தால் பலருக்குப் பலன் தெரியும் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதே நேரத்தில், 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்துச் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பாதிப் பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள், மறு பாதிப் பேர் கொழுப்பைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் முதல் அணி சராசரியாக 6 கிலோ, இரண்டாம் அணி 5.3 கிலோ இறங்கியிருந்தது. பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் சர்க்கரையையும் மைதா வகைகளையும் விட்டார்கள், காய்கறி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், விடாமல் தொடர்ந்தார்கள். எந்த டயட் என்பதைவிட எதை விடாமல் தொடர முடியும் என்பதுதான் முக்கியம்.

பேலியோ எழுத்து சறுக்குவது அறிவியலில் என்பதைவிடக் கதையில் என்றுதான் சொல்வேன். அது சொல்லும் பொற்காலம் கற்காலம். வேட்டையாடிய மனிதன் இறைச்சியும் கொழுப்பும் தின்று ஒல்லியாக, திடமாக இருந்தான், விவசாயம் வந்து கெடுத்தது. சரி, இன்றைக்கும் வேட்டையாடி, கிழங்கு அகழ்ந்து வாழ்கிற மக்கள் இருக்கிறார்களே? தான்சானியாவின் ஹட்சா மக்கள். அவர்கள் இறைச்சி சாப்பிடுகிறார்கள். கூடவே கிழங்கும், பழமும், வாளி வாளியாகத் தேனும் சாப்பிடுகிறார்கள். பேலியோ சார்ட்டில் தேனுக்கும் கிழங்குக்கும் என்ன இடம் என்று உங்களுக்கே தெரியும்.

*

இன்னொரு பக்கம் கு. சிவராமனின் 'ஆறாம் திணை'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு நூலானது. பேலியோ தானியத்தைத் தள்ளிவைத்தது என்றால் இது கம்பையும் தினையையும் வரகையும் திரும்பக் கொண்டுவந்து தட்டில் வைத்தது. சித்த மருத்துவர் எழுதியது என்றாலும் அதன் நடை மருத்துவ நடை இல்லை. ஐந்து திணையோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கிற அந்தத் தலைப்பே இது இலக்கிய உரிமை கொண்டாடும் எழுத்து என்று சொல்லிவிடுகிறது. இன்றைக்கு ஊருக்கு ஊர் சிறுதானியக் கடை இருப்பதில் இந்தத் தொடருக்குப் பங்கு உண்டு. பாக்கெட்டில் அடைத்த உணவு பற்றி, விதை பற்றி, நிலம் பற்றி அது எழுப்பிய கேள்விகள் எடை மிஷினைவிடப் பெரியவை. அதில் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் இதற்கும் ஒரு பொற்காலம் இருக்கிறது. பேலியோவில் பாட்டன் குகையில் இருக்கிறான், இங்கே பாட்டி அடுப்படியில் இருக்கிறாள். கம்பங்கூழ் குடித்த பாட்டன் எண்பது வயதில் ஏர் ஓட்டினார் என்ற ரகத்துச் சித்திரம், இந்த நூலைத் தாண்டி, இதைப் பின்பற்றி வந்த எல்லா எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பாட்டன் ஏர் ஓட்டியதற்குக் காரணம் கம்பு மட்டும்தானா, ஓட்டாவிட்டால் அன்றைக்குக் கம்பே இல்லை என்பதுமா? சிறுதானியமும் மாவுச்சத்துதான். நார் அதிகம், மெதுவாகச் செரிக்கும், சத்து கூடுதல், எல்லாம் சரி. இரண்டு தட்டு சாமைச் சோறு சாப்பிட்டால் இரண்டு தட்டு சோறு சாப்பிட்ட கணக்குதான். அளவு என்ற சலிப்பான சொல்லுக்கு இந்தக் கதையில் இடமில்லை.

ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கிற இந்த இரண்டு எழுத்துக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருக்கிறது. இரண்டிலுமே தட்டு இருக்கிறது, கடிகாரம் இல்லை. வாசகர் தன் சமையலறையையும் தன் நேரத்தையும் தானே ஆள்கிறவர் என்று இரண்டும் சொல்லாமலே வைத்துக்கொள்கின்றன. அவருக்கு வேலை இருக்கும், ஆனால் வேலை அவர் உடலுக்கு என்ன செய்கிறது என்பது கதைக்கு வெளியே.

*

இனி தறிக்குழி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் ஒரு குழி. நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே தொங்கவிடுவார். கால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும், கை நாடாவைத் தள்ளும், பலகையை இழுத்து அடிக்கும். கோர்வை போட்ட புடவை என்றால் பக்கத்தில் இன்னொருவரும் வேண்டும். வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவார்கள், இழை பிணைப்பார்கள், நடுநடுவே சமைப்பார்கள். கூலி புடவைக் கணக்கில். தறியை விட்டு எழுந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

இது உட்கார்ந்த வேலையா, உடலுழைப்பா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஒரு பட்டியல், சத்துணவுப் பாடநூல்களில் பல காலமாக வருவது, இதற்குப் பதில் சொல்கிறது. தொழில்களை அது மூன்றாகப் பிரிக்கிறது. ஆசிரியர், தையற்காரர், கோயில் பூசாரி எல்லாம் உட்கார்ந்த வேலை. நெசவாளர் மிதமான உழைப்பு, தச்சர், கொத்தனாரோடு சேர்த்து. கோயிலுக்கும் தறிக்கும் பேர்போன காஞ்சி வட்டாரத்தில் இருந்துகொண்டு இந்தப் பட்டியலைப் படிப்பது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. 2010 பரிந்துரைப்படி உட்கார்ந்த வேலை ஆணுக்கு ஒரு நாளைக்கு 2320 கலோரி, மிதமான உழைப்புக்கு 2730. வித்தியாசம் 410 கலோரி. ஏறக்குறைய இரண்டு கப் சோறு.

பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். ஆனால் நெசவாளர் உடலுக்குள் அந்தக் கோடு குறுக்கே ஓடுகிறது. காலும் தோளும் நாள் முழுக்க உழைக்கின்றன. இடுப்புக்குக் கீழ் உட்கார்ந்தே இருக்கிறார். நடை என்பது ஒரு நாளில் டீக்கடைக்குப் போய்வருவது மட்டும்தான். எல்லா டயட் புத்தகமும் முதல் பக்கத்திலேயே டீயையும் சர்க்கரையையும் நிறுத்தச் சொல்லும். சரிதான், நாலு டீ என்றால் சர்க்கரை மட்டும் எட்டு ஸ்பூன். ஆனால் எங்கள் தெருவில் டீயை நிறுத்தினால் நடையும் நின்றுவிடும். குழியை விட்டு மேலே ஏறுவதற்கும் முதுகை நிமிர்த்துவதற்கும் நாலு ஆளைப் பார்ப்பதற்கும் அதுதான் சாக்கு. உணவும் உடற்பயிற்சியும் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருக்கலாம். இங்கே இரண்டும் ஒரே கிளாசில் இருக்கின்றன.

சர்க்கரை நோய் வந்த என் பெரியப்பாவுக்குச் சைவ பேலியோ சார்ட்டைப் படித்துக் காட்டினேன். அதில் ஒரு வேளைக்கு நூறு பாதாம். பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்பா, சோத்த உட்டுட்டு கொட்டைய மென்னுகினு எவ்ளோ நேரம் தறில குந்தறது?"

"ரெண்டு நாள்ல பழகிடும்னு போட்டிருக்கு பெரியப்பா."

"பழகிடும். வாங்கித் தர்றது யாரு?"

நூறு பாதாம் என்றால் நூறு கிராமுக்கு மேல். ஒரு வேளைக்கே கிட்டத்தட்ட நூறு ரூபாய். ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். ஒரு வீட்டின் தட்டில் அரிசி ஏன் இவ்வளவு இருக்கிறது என்பதற்கு நாக்கு ஒரு காரணம், மரபு ஒரு காரணம். கணக்கும் ஒரு காரணம். இந்த அரிசியால் பட்டினி ஒழிந்த வீடுகள் எத்தனையோ. அதனால் அரிசியை வெறும் வில்லனாக வைத்துக் கதை சொன்னால் எங்கள் ஊரில் எடுபடாது.

*

நெசவாளரின் உடலைப் பற்றி நம் இலக்கியம் என்ன சொல்லியிருக்கிறது? பசி என்று சொல்லியிருக்கிறது. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்த நாவல், தலைப்பிலேயே பசி. பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளர், மகளின் கல்யாணப் புடவைக்காகப் பட்டு நூலை வாய்க்குள் ஒளித்துவைத்துத் திருடிக்கொண்டு வருவார். சோறு போக வேண்டிய வாயில் பட்டு. நெசவாளரைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

இவை பொய் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பஞ்ச காலக் கதைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நம் எழுத்தின் மனதில் நெசவாளர் அங்கேயே ஒட்டிய வயிறோடு நின்றுவிட்டார். இன்று தறியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொந்தி இருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், முழங்கால் வலி இருக்கலாம். ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடையுள்ளவர்கள். முந்தைய ஆய்வில் (2015-16) அது 30.9, 28.2. அதே ஐந்தாம் ஆய்வில் ஏறத்தாழ எட்டுப் பெண்களில் ஒருவர் எடை குறைந்தவர். பசியும் பருமனும் ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே வீட்டில்.

பசித்த நெசவாளரை எழுத இலக்கியம் இருக்கிறது. அதிகம் தின்றுவிட்டோமே என்ற குற்ற உணர்வு கொண்ட நடுத்தர வர்க்க வாசகரை எழுத டயட் புத்தகம் இருக்கிறது. காசு குறைவாகவும் எடை அதிகமாகவும் இருக்கிற ஒருவரை எழுத இரண்டிடமும் மொழி இல்லை. ஏழை என்றால் ஒல்லி, குண்டு என்றால் வசதி என்ற பழைய சமன்பாட்டை இரண்டுமே இன்னும் விடவில்லை.

*

இந்தக் கேள்வியை ஒரு நெசவு ஆலையிலேயே வைத்துக் கேட்ட ஆய்வு ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. பிரெஞ்சு-அமெரிக்க ஆய்வாளர் ஜான் மேயரும் வங்காள ஆய்வாளர்கள் இருவரும் சேர்ந்து மேற்கு வங்கச் சணல் ஆலை ஒன்றில் 213 ஆண்களைப் படித்து 1956இல் வெளியிட்டார்கள். உட்கார்ந்தே இருக்கிற கடைக்காரர், குமாஸ்தா தொடங்கி மூட்டை தூக்குகிறவர் வரை. நடுத்தர உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரை போகப்போகச் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு. ஆனால் உட்கார்ந்த வேலைப் பக்கம் போனதும் கணக்கு கெட்டது. உழைப்பு குறைந்தவர்களுக்குச் சாப்பாடு குறையவில்லை, எடை ஏறியிருந்தது. ஓரளவுக்குக் கீழே உழைப்பு போனால் பசி தன் அளவை மறந்துவிடுகிறது என்று இதை வாசித்தார்கள். உடற்பயிற்சியின் பக்கம் பேசுகிறவர்கள் இன்றும் காட்டுகிற ஆய்வு இது.

நான் இதையும் ஒரு பிரதியாகத்தான் வாசிக்கிறேன். கடை வைத்திருந்தவருக்கும் மூட்டை தூக்கியவருக்கும் உழைப்பில் மட்டுமா வித்தியாசம்? கையில் இருந்த காசிலும்தானே? உழைப்பு என்று அந்த வரைபடம் காட்டுகிற கோட்டுக்குப் பின்னால் வர்க்கம் என்ற இன்னொரு கோடு நிழலாக ஓடுகிறது.

அரை நூற்றாண்டு கழித்து ஹெர்மன் பான்ட்சர் என்ற மானிடவியலாளர் அந்தப் பழைய கணக்கையே அசைத்தார். ஹட்சா மக்களோடு இருந்து அவர்கள் தினசரி செலவிடும் சக்தியை அளந்து 2012இல் வெளியிட்டார். ஆண்கள் நாளுக்கு 11 கிலோமீட்டர் போல நடக்கிறார்கள். ஆனால் உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அவர்கள் எரிக்கும் மொத்தக் கலோரி ஆபீசில் உட்காரும் அமெரிக்கரின் கலோரியிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. அதிகம் உழைத்தால் உடல் வேறு இடத்தில் சிக்கனம் செய்துகொள்கிறது என்பது அவர் விளக்கம். இதன் மீது இன்னும் விவாதம் நடக்கிறது. 2025இல் அவர் குழு 34 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்து, பருமன் கூடியதற்கு உழைப்பு குறைந்ததைவிட உணவு மாறியதே பெரிய காரணம் என்று எழுதியது.

அப்படியானால் உணவுதான் ஜெயித்ததா? எடை இறங்குவது மட்டும் கேள்வி என்றால், பெரும்பாலும் ஆமாம். ஒரு மணி நேர நடைக்கு உத்தேசமாக 250 கலோரி போகும், இரண்டு வடை ஒரு டீயில் அது திரும்பி வந்துவிடும். பான்டிங்கின் படகு சொன்ன பாடம் இன்னும் செல்லும். ஆனால் இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருப்பதற்கும், எடையோடு சேர்ந்து தசையும் கரையாமல் இருப்பதற்கும் உடற்பயிற்சி வேண்டும். தசை வேலை செய்யும்போது ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை அதிக இன்சுலின் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடப்பதற்கு அர்த்தம் அதுதான், எடை மிஷினில் அது தெரியாது.

சென்னையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை கொடுத்த பலனுக்கு இது குறைவில்லை. எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம், அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவே இல்லை. மிஷின் முள் நகராமலே உடல் நல்ல பக்கம் திரும்பியிருக்கிறது.

நம் டயட் எழுத்து முழுவதும் இந்த இடத்தில்தான் கேள்விக்குள்ளாகிறது. பான்டிங்கிலிருந்து பேஸ்புக் வரை மீட்சிக்கு ஒரே சாட்சி எடை. இரண்டு போட்டோ. போட்டோவில் தெரியாத மாற்றம் கதையாகாது. மூன்று மாதம் ஒழுங்காக நடந்து, சோற்றைக் குறைத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, தொந்தி மட்டும் குறையாத ஒரு நெசவாளர் இந்தக் கதைமுறையில் தோற்றுப்போனவர். 'உங்ககிட்ட மன உறுதி இல்ல' என்று அவரிடம் சொல்லிவிடுவது சுலபம். ஒரு புடவையை இழை பிசகாமல் நாள்கணக்கில் உட்கார்ந்து நெய்கிற மனிதரிடம் போய் மன உறுதி இல்லை என்கிறோம்.

*

இதற்குள் எங்கள் ஊரும் மாறிவிட்டது. பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். ஷிப்ட் வேலை, நைட் ஷிப்ட், கேன்டீன் சாப்பாடு, விடிந்து வந்து தூக்கம். அப்பா குழியில் உட்கார்ந்தார், மகன் லைனில் நிற்கிறான். இரண்டு பேருக்கும் அவரவர் நேரம் அவரவர் கையில் இல்லை. வாசகரிடம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லும் புத்தகம் இந்த இருவரில் யாரிடம் பேசுகிறது? வீட்டில் தாரும் சுற்றி, இரண்டு பேருக்கும் இரண்டு நேரத்தில் சமைக்கிற அம்மாவிடம் பேசுகிறதா? நாற்பது சதவீதம் என்ற எண்ணுக்குள் இருப்பவர் அவர்தான். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் குண்டானில் மிச்சம் இருப்பதை வீணாக்க மனமில்லாமல் போட்டுக்கொள்கிறவருக்கு அளவுச் சாப்பாடு என்பது என்ன?

'பேலியோ டயட்', 'ஆறாம் திணை' இரண்டையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. முதலாவது, சோற்றின் அளவைப் பற்றிக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தது. இரண்டாவது, அந்த உணவு எங்கிருந்து வருகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது. மூன்றாவதாக ஒரு புத்தகம் வர வேண்டும் என்கிறேன். அதில் ரேஷன் அரிசியை வைத்துக்கொண்டே தட்டை எப்படி மாற்றி அடுக்கலாம் என்று இருக்க வேண்டும். சோறு பாதியாகி, அந்த இடத்தில் கீரை, பயறு, முட்டை, சுண்டல். டீ இருக்கட்டும், சர்க்கரை அரை ஸ்பூன் ஆகட்டும், டீக்கடை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். நடையைப் பற்றி எழுதும்போது, நடக்கிற நேரத்துக்குக் கூலி இல்லாத ஒருவரை நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். புடவைக்கு நூறு ரூபாய் கூலி கூடினால் ஒரு வீட்டின் தட்டில் என்ன மாறும் என்பதும் டயட் பற்றிய செய்திதான். அதையும் அதே புத்தகத்தில் எழுத வேண்டும்.

அதை எழுதப் போகிறவர் டாக்டராக இருக்கலாம், இதைப் படிக்கிற உங்களில் ஒருவராகவும் இருக்கலாம். அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் சாப்பாடு வராது என்று நினைக்கிறேன். காலையில் எத்தனை மணிக்கு அவர் குழிக்குள் காலை இறக்குகிறார், எத்தனை முறை மேலே ஏறுகிறார் என்பதிலிருந்துதான் அது தொடங்கும்.